ஸ்டிக்கர் ஒட்ட முதல் துடைக்கிற அல்கஹோல்: எது சரி, எங்க வாங்கிறது, எப்பிடிப் பாவிக்கிறது

ஸ்டிக்கர் ஒட்டி மூணு மாசத்துல மூலை கிளம்பிட்டுது எண்டா எல்லாரும் முதல்ல ஏசுறது ஸ்டிக்கர் ரோலத்தான், இது சைனா சாமான், பசை இல்ல, அடுத்த முறை வேற கம்பனி எடுக்கணும் எண்டு. ஏசுறதுக்கு முதல் அந்தக் கிளம்பின மூலைய மெதுவா தூக்கிப் பின்பக்கத்த ஒருக்காப் பாருங்க. பசை முழுக்க சாம்பல் நிறத்துல தூசி அப்பி இருந்தா புழுதிக்கு மேல ஒட்டி இருக்கீங்க. பசை புதுசு போல பளபளண்டு இருந்து, கீழ இருக்கிற தகரத்துல விரல வச்சு இழுக்க வழுக்கினா எண்ணெய்க்கு மேல ஒட்டி இருக்கீங்க. ரெண்டு இடத்துலயும் ஸ்டிக்கர் தன்ட வேலையச் சரியாத்தான் செஞ்சிருக்கு, அது புழுதியிலயும் எண்ணெயிலயும் நல்லா ஒட்டி இருக்கு, போர்ட்டுலதான் ஒட்டல்ல.

இந்தக் கட்டுரை ஸ்டிக்கர் கடையில, பிரின்டிங் கடையில புதுசா வேலைக்குச் சேர்ந்த தம்பி தங்கச்சிமாருக்கு. துடைக்கிற அல்கஹோல் எண்டா என்ன, பாமசியில கேட்டா தாற போத்தல் ஏன் சரிவராது, மட்டக்களப்பு அம்பாறைப் பக்கம் அத எங்க தேடலாம், கையில வந்த பிறகு எப்பிடித் துடைக்கிறது, எதுல துடைக்கவே கூடாது, இதெல்லாத்தையும் ஆரம்பத்துல இருந்து சொல்றன், ஏனெண்டா இத ஒருத்தரும் உக்காத்தி வச்சுச் சொல்லிக் குடுக்கிறது இல்ல, மூத்தவர் துடைக்கிறதப் பாத்து நாமளும் துடைக்கிறம், அவர் தின்னர்ல துடைச்சா நாமளும் தின்னர்.

முதல்ல ஒட்டுறது எண்டா என்ன எண்டு பாப்பம். ஸ்டிக்கர்ல இருக்கிற பசைப் படை கிட்டத்தட்ட 0.025 மில்லிமீற்றர் தடிப்புத்தான். தலைமயிர் கூட அத விடத் தடிப்பு. இந்த மெல்லிய படை மேற்பரப்புல இருக்கிற கண்ணுக்குத் தெரியாத மேடு பள்ளம் எல்லாத்துக்குள்ளயும் போய்ப் படியணும், அப்பதான் பிடி வரும். நடுவுல விரல் எண்ணெய் ஒரு படை இருந்தா பசைக்கும் தகரத்துக்கும் இடையில தொடுகையே இல்லாமப் போகுது. அந்த எண்ணெய்ப் படை கண்ணுக்குத் தெரியாது, தண்ணி ஊத்திக் கழுவினாலும் முழுக்கப் போகாது, இதுக்குத்தான் அல்கஹோல்.

நாம தேடுற சாமான்ட பேர் ஐசோபுரோப்பைல் அல்கஹோல், கடைகள்ல ஐபிஏ எண்டுதான் சொல்லுவாங்க. அதுட மூலக்கூறு சின்னது, மூணு காபன், ஒரு பக்கம் தண்ணியோட சேரும், மற்றப் பக்கம் எண்ணெயோட சேரும். அதனால விரல் எண்ணெய், லேசான கிறீஸ், மெஷின்ல இருந்து வந்த எண்ணெய்ப் பசபசப்பு இதுகளக் கரைச்சுத் தூக்கும், தூக்கின பிறகு தானும் காத்தோட போயிடும். கொதிநிலை 82.5 பாகை, ஆனா கொதிக்க விட வேணாம், நம்மட வெக்கைக்கு சும்மாவே ஆவியாகிடும். போகேக்க பின்னால ஒண்டையும் விட்டுட்டுப் போகாது, அதுதான் முழு விசயமும். துடைக்கிற திரவம் தன்ட மிச்சத்த விட்டுட்டுப் போனா நீங்க ஒரு அழுக்க எடுத்துட்டு இன்னொரு அழுக்கப் பூசுறீங்க.

ஐபிஏ எடுக்காத சாமான்களையும் இப்பவே சொல்லிடுறன், ஏனெண்டா நம்ம கரைக்கு இது முக்கியம். உப்பு அதுல கரையாது. கல்லடியில, காத்தான்குடியில, கல்முனையில, அக்கரைப்பற்றுல கடலப் பாத்த மாதிரி இருக்கிற கடை எல்லாத்துலயும் போர்ட்டுல விரல வச்சு நாக்குல தொட்டா உப்புக் கரிக்கும், வாடைக் காத்து தொடங்கினா இன்னும் மோசம். சுத்த ஐபிஏ ஊத்தித் துடைச்சா அந்த உப்பு இங்க இருந்து அங்க போகும், அவ்வளவுதான். கச்சான் காத்துக் காலத்துல வாற புழுதியும் அப்பிடித்தான், துணியால தேய்க்கத் தேய்க்க மண் அரம் மாதிரி பெயின்டக் கீறும். மெழுகும் சிலிக்கனும் ஐபிஏக்குப் பெருசா அசையாது. அதனால அல்கஹோல் எப்பவும் கடைசித் துடைப்பு. அதுக்கு முதல் சவுக்காரத் தண்ணி, நல்ல தண்ணியால அலம்பல், காய விடல், இந்த மூணும் முடிஞ்சிருக்கணும். இத விட்டுட்டு ஐபிஏல தொடங்கிறவங்க நிறைய அல்கஹோல் செலவழிச்சு அரைகுறையாத்தான் துடைக்கிறாங்க.

எத வாங்கக் கூடாது, எங்க தேடலாம்

பாமசியில போய் "அண்ணன், ஸ்பிரிட் ஒரு போத்தல்" எண்டு கேட்டா அநேகமாத் தாறது சேர்ஜிக்கல் ஸ்பிரிட். ஊசி போட முதல் தோல் துடைக்கிறதுக்கு, காலுல தோல் தடிக்கிறதுக்குப் பூசுறதுக்கு எண்டு செய்யப்பட்டது. பிரிட்டிஷ் பாமகோப்பியா எண்ட மருந்து நூல்ல அதுட கலவை இருக்கு, ஒரு லீற்றர்ல ஆமணக்கெண்ணெய் 25 மில்லிலீற்றர், டைஎதைல் தாலேட் 20 மில்லிலீற்றர், மெதில் சலிசிலேட் 5 மில்லிலீற்றர், மிச்சம் தொழிற்சாலைகள்ல பாவிக்கிற ஸ்பிரிட். தலையிடித் தைலம் மாதிரி ஒரு வாசம் வருமே, அது அந்த மெதில் சலிசிலேட். தோலுக்கு அது நல்லது, ஆமணக்கெண்ணெய் தோல் காஞ்சு வெடிக்காமப் பாக்கும். போர்ட்டுக்கு? ஸ்பிரிட் ஆவியாப் போகும், ஆமணக்கெண்ணெய் போகாது, அது அங்கயேதான் படியும், அதுக்கு மேல நீங்க ஸ்டிக்கர் ஒட்டுவீங்க. சுத்தமாத் துடைச்சனே பிறகும் ஏன் கிளம்பிச்சு எண்டு யோசிக்கிற கடைகள்ல நிறைய இடத்துல விடை இந்தப் போத்தல்தான்.

கை சுத்தம் செய்யிற சனிட்டைசரும் வேணாம். கொரோனா நேரத்துல வாங்கி மிச்சமா எல்லாக் கடையிலயும் ஒரு கேன் கிடந்தது, சும்மா கிடக்குதே எண்டு துடைக்க எடுத்தாங்க. உலக சுகாதார நிறுவனம் குடுத்த கலவையில கூட கிளிசரோல் 1.45 வீதம் சேர்க்கச் சொல்லி இருக்கு, கை காயாம இருக்க. கிளிசரோல் ஆவியாகாது. ஜெல் மாதிரி இருக்கிறதுல இன்னும் கூட, கெட்டியாக்கிற பொருள் ஒண்டும் இருக்கும், காஞ்ச பிறகு கண்ணாடியில வெள்ளைக் கோடு கோடாத் தெரியும்.

ஹாட்வெயார் கடையில மரத்துக்கு பொலிஷ் அடிக்கிறவங்க வாங்கிற மெதிலேட்டட் ஸ்பிரிட் இருக்கு. அது எதனோலோட மெதனோல் சேர்த்தது, சிலதுல நிறமும் போட்டிருப்பாங்க. நிறம் இல்லாம சுத்தமா இருந்தா துடைக்க ஏலும், ஆனா மெதனோல் நஞ்சு, குடிச்சா கண் போகும், உயிர் போகும், தோலாலயும் ஆவியாலயும் கூட உடம்புக்குள்ள போகும். கதவு பூட்டின ஏசி ரூம்ல நாள் முழுக்க அதால துடைக்கிற தம்பிக்குத் தலையிடியும் மயக்கமும் வரத்தான் செய்யும். வேற வழி இருக்கேக்க இத எடுக்காதீங்க. சுத்த மெதனோல எண்டா கடைக்குள்ளயே கொண்டு வராதீங்க.

எதனோல் நல்ல சாமான்தான், அம்பாறையில ஹிங்குரான சீனி ஆலையில கூட மொலாசஸ்ல இருந்து எடுக்கிறாங்க. ஆனா அது குடிவகை செய்யிற சாமான், மதுவரிச் சட்டத்துக்குக் கீழ வாறது, 1912ல வந்த சட்டம் இண்டைக்கும் நடைமுறையில இருக்கு. லைசன்ஸ் இல்லாம கேன் கணக்குல வச்சிருந்தா போர்ட் துடைக்க எண்டு சொல்லித் தப்ப ஏலாது. யாராவது "ஸ்பிரிட் ஒண்டு இருக்கு, மலிவாத் தாறன்" எண்டு பேர் இல்லாத கேன்ல கொண்டு வந்தா வாங்காதீங்க, அதுக்குள்ள எதனோலா மெதனோலா எண்டு முகர்ந்து பாத்துக் கண்டுபிடிக்க ஒருத்தராலயும் ஏலாது.

தின்னர் பற்றி ஒரு வசனம் போதும்: பெயின்டக் கரைக்கிறதுக்கு எண்டு செஞ்ச சாமான், அக்கிரிலிக்க உருக்கும், ஓட்டோட பெயின்ட எடுக்கும், மலிவுத் தின்னர்ல எண்ணெயும் மிச்சமா நிக்கும், கடைசித் துடைப்புக்கு அது இல்ல.

அப்ப ஐபிஏ எங்க? நம்ம பக்கம் பெரிய கெமிக்கல் கடைகள் குறைவு, கொழும்பு புறக்கோட்டைப் பக்கம்தான் லீற்றர் கணக்குலயும் கேன் கணக்குலயும் எடுக்கலாம். ஆனா ஊருக்குள்ளயே அதப் பாவிக்கிற ரெண்டு பேர் இருக்காங்க, அவங்களக் கேக்கணும். ஒண்டு போன் ரிப்பேர் கடை. தண்ணிக்குள்ள விழுந்த போன்ட சர்க்கிட்டக் கழுவ, சோல்டர் பண்ணின இடத்துல மிஞ்சிற பிளக்ஸ் எண்ட பிசின எடுக்க அவங்களுக்கு 99 வீத ஐபிஏ வேணும், மிச்சம் விடுற சாமான் அவங்களுக்கும் சரிவராது. "நானா, நீங்க சர்க்கிட் கழுவுற ஐபிஏ எங்க எடுக்கிறீங்க, எனக்கும் ஒரு லீற்றர் சேத்து எடுத்துத் தருவீங்களா" எண்டு கேட்டா பிரச்சினை முடிஞ்சுது, அவங்க எப்பிடியும் கொழும்புல இருந்து பார்ட்ஸ் எடுக்கிற ஆக்கள். மற்றது ஓப்செட் பிரஸ். கலியாணக் காட், பில் புத்தகம் அடிக்கிற ஓப்செட் மெஷின்ல பிளேட்ட நனைக்கிற தண்ணிக்குள்ள ஐபிஏ கொஞ்சம் சேர்க்கிற வழக்கம் இருக்கு, அப்பிடிச் சேர்க்கிற பிரஸ்ல கேன் கணக்குல வச்சிருப்பாங்க. நாலு ஸ்டிக்கர் கடை சேந்து ஒரு கேன் எடுத்துப் பிரிச்சாலும் நல்லது, தனித்தனியா போட்டி போட்டு வாங்கிறத விட மலிவு.

லேபல்ல பாக்க வேண்டியது ரெண்டு. பேர் ஐசோபுரோப்பைல் அல்கஹோல் இல்லாட்டி ஐசோபுரோப்பனோல் அல்லது 2-புரோப்பனோல், மூணும் ஒண்டுதான். மற்றது வீதம், 99 அல்லது 99.9 எண்டு இருந்தா நல்லம், நாம வேணும் எண்ட அளவுக்குத் தண்ணி சேர்க்கலாம், தண்ணி சேர்த்தத 99 ஆக்க ஏலாது. 70 வீதம் எண்டு ரெடியா வாற ஐபிஏயும் பாவிக்கலாம், மற்றச் சேர்மானம் ஒண்டும் இல்லை எண்டா.

கடைக்காரன் சொன்னத நம்பாம வீட்டுலயே சோதிச்சுப் பாக்கலாம். ஒரு கண்ணாடித் துண்ட நல்லாக் கழுவிக் காய வச்சு நடுவுல ஒரு சொட்டு விடுங்க, துடைக்காம அப்பிடியே காய விடுங்க. காஞ்ச பிறகு கண்ணாடியச் சாய்ச்சு வெளிச்சத்துக்கு எதிர்ல பிடிச்சுப் பாருங்க. சுத்தமா ஒண்டும் தெரியாட்டி நல்ல சாமான். ஒரு வட்டம் தெரிஞ்சா, இல்லாட்டி விரலால தொட அந்த இடத்துல மட்டும் வழுக்கினா அது நமக்கு வேணாம். அடுத்தது இன்னும் லேசு, சின்னப் போத்தல்ல கொஞ்சம் எடுத்து அதே அளவு பட்டரித் தண்ணி (பட்டரிக்கு ஊத்துற வடிச்ச தண்ணி, அசிட் இல்ல) ஊத்துங்க. ஐபிஏ தெளிவாவே இருக்கும். சேர்ஜிக்கல் ஸ்பிரிட் எண்டா பால் மாதிரிக் கலங்கும், ஏனெண்டா அதுக்குள்ள கரைஞ்சிருந்த எண்ணெய் தண்ணி வந்ததும் கரைய ஏலாம வெளிய வருது. இந்த ரெண்டாவத நான் எல்லாருக்கும் சொல்றன், ஏனெண்டா ஒருக்காப் பாத்தா ஆமணக்கெண்ணெயக் கண்ணாலயே கண்ட மாதிரி, பிறகு ஒருத்தரும் அந்தப் போத்தலத் தொட மாட்டாங்க.

ஐபிஏயா எதனோலா எண்டு பாக்கவும் ஒரு வழி இருக்கு. தண்ணி கலந்த 70 வீத அளவுச் சாமான்ல கறி உப்பு ரெண்டு மூணு கரண்டி போட்டு மூடிக் குலுக்கி வைங்க. ஐபிஏ எண்டா கொஞ்ச நேரத்துல ரெண்டு படையாப் பிரியும், மேல அல்கஹோல், கீழ உப்புத் தண்ணி. எதனோல் கறி உப்புக்கு அப்பிடிப் பிரியாது. பிரிஞ்சா ஐபிஏ உள்ள இருக்கு எண்டு மட்டும்தான் அர்த்தம், எண்ணெய் இருக்கா இல்லையா எண்டு பாக்க கண்ணாடிச் சோதனைதான்.

தண்ணி ஏன் சேர்க்கிறம்

99 வீதத்தால அப்பிடியே துடைச்சா இன்னும் நல்லாச் சுத்தமாகும் எண்டுதான் எல்லாரும் நினைக்கிறது. நம்மட வெயில்ல தகரத்துல அது துணி பட்ட உடனேயே காஞ்சு போகுது, எண்ணெயக் கரைக்க நேரம் கிடைக்கிறது இல்ல, கரைச்ச கொஞ்சமும் அந்த இடத்துலயே திரும்பப் படியுது. தண்ணி சேர்த்தா காயிறது மெதுவாகும், மிச்சம் மீதி உப்பும் தண்ணியில கரைஞ்சு துணிக்கு வரும். த்ரீஎம் மாதிரிப் பெரிய ஸ்டிக்கர் கம்பனிகளும் அவங்கட வழிகாட்டியில அல்கஹோல் 50 வீதத்துக்குக் குறையாம 70 வீதத்துக்குக் கூடாம எண்டுதான் சொல்றாங்க. நடைமுறைக்கு 700 மில்லிலீற்றர் ஐபிஏக்கு 300 மில்லிலீற்றர் தண்ணி. ரெட்டைப் பக்க விஎச்பி டேப்பால எழுத்து ஒட்டுறதுக்கு பாதிக்குப் பாதி.

என்ன தண்ணி எண்டது இங்க பெரிய விசயம். நம்ம பக்கக் கிணத்துத் தண்ணி நிறைய இடத்துல சவர், ஆத்தங்கரைக்குக் கிட்ட இருக்கிற வீடுகள்ல தேத்தண்ணி வச்சாலே தெரியும். அந்தத் தண்ணியக் கலந்தா அல்கஹோலும் தண்ணியும் போன பிறகு உப்பும் சுண்ணாம்பும் மிச்சமா நிக்கும், நல்ல ஐபிஏயக் காசு குடுத்து வாங்கிப் பழுதாக்கின கதை. பட்டரிக்கு ஊத்துற வடிச்ச தண்ணி ஒரு போத்தல் வாங்குங்க, ஸ்பெயார் பார்ட்ஸ் கடையிலயும் பெற்றோல் ஷெட்டுலயும் இருக்கும். கேக்கேக்க பட்டரித் தண்ணி எண்டு சரியாச் சொல்லுங்க, பட்டரி அசிட் வேற போத்தல், அது வந்தா கையும் போகும் போர்ட்டும் போகும்.

ஒரு கிழமைக்குத் தேவையான அளவு மட்டும் கலந்தாப் போதும். கேன மூடாம வச்சா ஐபிஏ காத்துல இருக்கிற ஈரத்த இழுக்கும், வாவிக் கரையில மாரி காலத்துல கேக்கவே வேணாம்.

துடைக்கிற விதம்

ரெண்டு துணி. இத மட்டும் இந்தக் கட்டுரையில இருந்து எடுத்தாலும் போதும். ஒண்டு நனைச்ச துணி, மற்றது காஞ்ச துணி. நனைச்ச துணியால ஒரு முழம் அளவு இடத்தத் துடைக்கிறது, அது காய முதல் உடனே மற்றக் கையால காஞ்ச துணிய வச்சு எடுக்கிறது. ஏனெண்டா அல்கஹோல் எண்ணெய அழிக்கிறது இல்ல, மிதக்க வைக்குது. அதுவாக் காய விட்டா அல்கஹோல் போகும், எண்ணெய் அதே தகரத்துல திரும்ப உக்காரும், முதல்ல ஒரு இடத்துல இருந்தது இப்ப பரவலா இருக்கும். ஈரமா இருக்கேக்கயே காஞ்ச துணி அத உறிஞ்சி எடுக்கணும். வட்டம் வட்டமாத் தேய்க்கிறதும் வேணாம், மேல இருந்து கீழ ஒரே பக்கமா இழுங்க, ஒவ்வொரு இழுவைக்கும் துணிய மடிச்சுப் புது முகத்துக்கு மாத்துங்க. துணியில கறுப்பு வாறது நிக்கிற வரைக்கும் வேலை முடியல்ல. மூலை, விளிம்பு, ரிவிட் தலை இதுகள கடைசியா ஒருக்காத் தனியாத் துடைங்க, ஸ்டிக்கர் கிளம்பத் தொடங்கிறது எப்பவும் அங்கதான்.

துணி எண்டா தும்பு விடாத பழைய பருத்திச் சாரம் நல்லம், பல தடவை தோய்ச்சது. ஆனா தோய்க்கேக்க வாசத்துக்கு ஊத்துற சொப்ட்னர் போட்ட துணி வேணாம், அதுல இருக்கிற வழுவழுப்பு அல்கஹோல்ல கரைஞ்சு போர்ட்டுக்கு வரும். சாயம் போற கலர்த் துணியும் வேணாம். கார்மென்ட்ஸ் கட்பீஸ் கிலோக் கணக்குல வாங்கிறவங்க வெள்ளைத் துண்டா எடுத்து ஒருக்கா சும்மா தண்ணியில அலசிக் காயப் போட்டுட்டுப் பாவியுங்க.

ஒரு கடை போர்ட்ட எடுத்துப் பாப்பம், புது கிளாடிங் ஷீட் (போர்ட் முகத்துக்குப் போடுற அலுமினிய ஷீட்), மேல பிளாஸ்டிக் பேப்பர் ஒட்டி வாறது. பேப்பர உரிச்சதும் பளபளண்டு இருக்கும், புதுச் சாமான்தானே, இதுக்கு என்ன துடைப்பு எண்டு நேரா ஒட்டுவாங்க. பேப்பர் ஒட்டி வந்த பசையில ஒரு மெல்லிய படை ஷீட்டுலயே நிக்கும், வெயில்ல நாள் கணக்காச் சாத்தி வச்ச ஷீட்டுல இன்னும் கூட. சாய்ச்சுப் பாத்தா விளிம்போரமா மங்கலா ஒரு பட்டி தெரியும். அதோட ஷீட் வெட்டின தூளும், தூக்கி வச்ச நாலு பேர்ட உள்ளங்கையும். முதல்ல சவுக்காரத் தண்ணி, அலம்பிக் காய விட்டு ஐபிஏ ரெண்டு துணி முறையில. துடைச்ச பிறகு ஷீட்டுல கை படாம விளிம்பால பிடிக்கிறது, முடிஞ்சா நைட்ரைல் கிளவுஸ், துடைச்ச கையோட ஒட்டுறது. காலையில துடைச்சு வச்சுட்டுப் பின்னேரம் ஒட்டினா இடையில புழுதி படிஞ்சிருக்கும், திரும்பத் துடைக்கணும். விஎச்பி டேப்பால எழுத்து ஒட்டினா நல்லா அழுத்தி விடுங்க, முழுப் பிடி வர 72 மணித்தியாலம் எடுக்கும், அதனால ஒட்டின அண்டைக்கே இழுத்துப் பாக்கிற வேலை வேணாம்.

ஏசி போட்ட கடைட முன் கண்ணாடியில வெளிப்பக்கமா ஒட்டப் போனா ஒரு விசயம் கவனிக்கணும். உள்ளுக்குக் குளிர், வெளிய வாவிக் காத்து ஈரம். அந்தக் கண்ணாடி வெளிப்பக்கம் ஏற்கனவே குளிர்ந்து போயிருக்கு, அல்கஹோல் ஆவியாகேக்க இன்னும் குளிராக்குது, காத்துல இருக்கிற தண்ணி பனி மாதிரி அதுல படியுது. துடைச்சது வடிவாத்தான், ஆனா ஒட்டுற நேரத்துல கண்ணாடிக்கும் பசைக்கும் இடையில தண்ணி. துடைச்ச பிறகு கண்ணாடி மங்கலாகிற மாதிரித் தெரிஞ்சா ஏசிய நிப்பாட்டச் சொல்லிட்டு கண்ணாடி சூடு வந்த பிறகு திரும்பத் துடைங்க.

வெயிலுக்கும் இதே கவனம். மத்தியானம் பன்னிரண்டு மணிக்கு வெயில்ல நிண்ட ஓட்டோட ஹூட்டுல, வான்ட கதவுல கை வைக்கவே ஏலாது, துணிய வச்சதும் ஐபிஏ பறந்துடும். நிழலுக்குள்ள எடுத்து ஆற விட்டு, இல்லாட்டி விடியக் காலையில.

ஓட்டோவும் பைபர் வள்ளமும் நம்ம பக்கத்து முக்கியமான வேலை, ரெண்டுலயும் மெழுகுதான் எதிரி. ஓட்டோ வச்சிருக்கிற தம்பிமார் பளபளப்புக்கு எண்டு கிழமைக்குக் கிழமை பொலிஷ் போடுவாங்க, அதுல மெழுகோ சிலிக்கனோ இருக்கும். பைபர் வள்ளம் அச்சுல இருந்து கழண்டு வரணும் எண்டு அச்சுக்கு மெழுகு பூசித்தான் வாக்கிறது, அந்த மெழுகு வள்ளத்துட வெளிப்பக்கத்துல ஒட்டி வரும். தண்ணி தெளிச்சுப் பாருங்க, முத்து முத்தா உருண்டு ஓடினா மெழுகு இருக்கு. இதுக்கு ஐபிஏ மட்டும் போதாது, முதல்ல மெழுகு எடுக்கிற சாமான், வைட் ஸ்பிரிட் மாதிரி ஒண்டால துணி மாத்தி மாத்தித் துடைச்சு, மறுகா சவுக்காரத் தண்ணி, மறுகா ஐபிஏ. பழைய ஸ்டிக்கர்ட கம் எடுக்க மண்ணெண்ணெய் பாவிச்சாலும் இதே ஒழுங்குதான், மண்ணெண்ணெய் கம்ம எடுக்கும், ஆனா தன்ட எண்ணெய விட்டுட்டுப் போகும். அந்த எண்ணெய எடுக்கிறதுதான் ஐபிஏட வேலை.

எதுல தொடக் கூடாது

பிரின்ட் பண்ணி லமினேட் பண்ணாத ஸ்டிக்கர்லயும் பேனர்லயும் தொடாதீங்க. பேனர் ஸ்டிக்கர் அடிக்கிற பிரின்டர்ல போடுற எக்கோ சொல்வன்ட் மையில ஐபிஏ பட்டா கலர் கரைஞ்சு துணிக்கு வரும், கஸ்டமர்ட முகம் அழிஞ்சு போகும். அடிச்ச உடனே தூசி இருக்கு எண்டு துடைக்கிற பழக்கம் உள்ளவங்க லமினேட் பண்ண முதல் காஞ்ச மெல்லிய துணியால தட்டி விட்டாப் போதும்.

அக்கிரிலிக் இன்னும் கவனம். லேசர்ல வெட்டின விளிம்பு, சூடாக்கி வளைச்ச இடம், நெருப்புக் காட்டி மினுக்கின விளிம்பு, இதுகளுக்குள்ள இழுவிசை மாட்டிக்கொண்டு இருக்கும், அல்கஹோல் பட்டதும் மயிரிழை மாதிரி வெடிப்பு வெடிப்பா வரும். சில நேரம் அடுத்த நாள்தான் தெரியும். எல்ஈடி எழுத்துக்கு முகமா வைக்கிற அக்கிரிலிக்குல அந்த வெடிப்பு லைட் போட்டதும் பளிச்செண்டு காட்டும், திருத்த வழியே இல்ல, புதுசா வெட்டத்தான் வேணும். அக்கிரிலிக்க பாத்திரம் கழுவுற திரவம் ரெண்டு சொட்டு விட்ட தண்ணியால கழுவி மெல்லிய துணியால ஒத்தி எடுங்க, அதுக்கு அது போதும். பொலிகாபனேட் ஷீட் அல்கஹோலுக்கு நல்லாத் தாங்கும், ரெண்டும் பாக்க ஒரே மாதிரி இருக்கும், அதனால ஷீட் பேப்பர் உரிக்க முதல் அதுல என்ன எழுதி இருக்கு எண்டு பாத்து வைங்க.

கையால பெயின்ட் அடிச்ச பழைய போர்ட், புதுசா எனமல் அடிச்ச தகரம், இதுகள்ல முதல்ல ஒரு மறைவான மூலையில வெள்ளைத் துணியால துடைச்சுப் பாருங்க. துணியில கலர் வந்தா நிப்பாட்டுங்க. கம்பனியில அடிச்சு வந்த வாகனப் பெயின்ட் லேசாத் துடைக்கிறதுக்குத் தாங்கும். பிரின்டர் ஹெட்ட ஐபிஏயால துடைக்கிற வேலை வச்சுக்கொள்ளாதீங்க, அந்த மெஷினுக்கு எண்டு வாற கிளீனிங் திரவம் இருக்கு, ஹெட் ஒண்டுட விலையக் கேட்டா பிறகு கை போகாது.

நெருப்பு

இதத்தான் கடைக்காரங்க எல்லாரும் லேசா எடுக்கிறது. ஐபிஏட ஆவி 12 பாகையிலயே தீப்பிடிக்கிற அளவுக்கு வரும், நம்ம ஊர் ராத்திரியில கூட அவ்வளவு குளிர் இல்ல. அதாவது நம்மட கடையில மூடி திறந்த ஐபிஏ எப்பவும் பத்துறதுக்கு ரெடியா இருக்கு. காத்துல 2 வீதம் ஆவி கலந்தாலே பத்தும். ஆவி காத்த விட ரெண்டு மடங்கு பாரம், மேல போகாது, தரையோட ஊந்து போகும். நீங்க மேசையில துடைக்கிறீங்க, மூலையில தரையில நுளம்புத் திரி எரியுது, அது போதும். சாமிப் படத்துக்கு முன்னால வைக்கிற விளக்கு, சாம்பிராணி, சிகரெட், அரைக்கிற கிரைண்டர் பொறி, எல்ஈடிக்கு வச்ச சோல்டரிங் அயன், ஹீட் கன், இதுகள் எல்லாம் ஒரே ரூமுக்குள்ள இருக்கிற கடைதான் நம்மட கடைகள். துடைக்கிற இடத்த வாசலுக்குக் கிட்ட வைங்க, ஜன்னலத் திறங்க. தண்ணி கலந்து 70 வீதமாக்கினாலும் அது பத்தும், தண்ணி கலந்தது பாதுகாப்பு எண்டு நினைக்கக் கூடாது.

ஹீட் கன் விசயத்துல ரெண்டு மடங்கு கவனம். வாகனத்துல வளைவான இடத்துல துடைச்ச கையோட ஹீட் கன் எடுக்கிற பழக்கம் இருக்கு, ரப்பர் பீடிங்குக்குள்ள, கதவு இடுக்குக்குள்ள ஐபிஏ தேங்கி நிக்கும், மேல காஞ்ச மாதிரித்தான் தெரியும். ஒரு ரெண்டு மூணு நிமிசம் விட்டு, காஞ்ச துணியால இடுக்குக்குள்ள ஒருக்கா எடுத்துட்டு மறுகா சூடு காட்டுங்க. கிட்டத்துல ஒரு பவுடர் தீயணைப்பான் தொங்கட்டும், திரவத்துல பத்தின நெருப்புக்கு அது சரி, துணியில பத்தினா ஈரச் சாக்க மேல போட்டு மூடலாம்.

கைத் தோல் காஞ்சு வெடிக்கும், நாள் முழுக்கத் துடைக்கிறவங்க கிளவுஸ் போடுங்க. மூக்குக்குக் கட்டுற துணி மாஸ்க் ஆவிய மறிக்காது, அதுக்குக் காத்தோட்டம்தான். துடைச்ச துணிகள மேசைக்குக் கீழ ஒரு வாளிக்குள்ள அமுக்கிப் போடாம வெளிய கயித்துல விரிச்சுப் போடுங்க.

கலந்து வச்ச ஐபிஏய சோடாப் போத்தல்ல, தண்ணிப் போத்தல்ல ஊத்தி வைக்கிற கடைகள நிறையக் காணலாம். பாக்கத் தண்ணி மாதிரித்தான் இருக்கும், பின்னேரம் பள்ளிக்கூடம் விட்டு மகன் கடைக்கு வருவான், தாகமா இருக்கும், மூடியத் திறந்து ஒரு வாய் குடிச்சிடுவான். அதனால தடிச்ச வெள்ளை பிளாஸ்டிக் ஸ்பிரே போத்தல் ஒண்டு வாங்கி, நம்மளிட்டதான் ஸ்டிக்கர் மெஷின் இருக்கே, "ஐபிஏ 70, குடிக்கக் கூடாது, நெருப்பு" எண்டு சிவப்புல பெருசா வெட்டி ஒட்டுங்க, கலந்த திகதியையும் மாக்கரால எழுதுங்க. பெரிய கேன வெயில் படாத இடத்துல, பிள்ளைக்கு எட்டாத இடத்துல, மூடிய இறுக்கி, பெயின்ட் தின்னர் மண்ணெண்ணெய் கேன்களோட கலக்காமத் தனியா வைங்க.